பாதிப் பந்தல்

நிழலின் நீளத்தைப் பார்த்து மக்கள் நேரம் சொன்ன காலம் அது. பொன்விளை நகரை ஒரு மன்னர் ஆண்டார். அவருடைய கடைத்தெருவைக் கவனித்துக்கொண்டவன் நக்கண்ணன். அந்தத் தெருவில் ஒவ்வொரு கூடைக்காரருக்கும் ஓர் இடம். அதை விட்டு நகரக் கூடாது என்பது சட்டம்.

சித்திரை வந்தது. "ஐயா, தலை வேகுது. ஈ காக்கை கூட வாங்க வரலை" என்றார்கள் கூடைக்காரர்கள். நக்கண்ணன் தெரு முழுக்கக் கீற்றுப் பந்தல் போட்டான். எல்லோரும் வாழ்த்தினார்கள்.

மார்கழி வந்தது. "ஐயா, இது தெருவா, கிணறா? பல் கிட்டிப் போகுது" என்றார்கள். பந்தலைப் பிரித்தான். எல்லோரும் வாழ்த்தினார்கள்.

மாசி வந்தது. காலையில் குளிர், மதியம் வெயில். பந்தல் போடு என்று பாதிப் பேர், போடாதே என்று பாதிப் பேர். சண்டை அரண்மனைவரை போனது.

"பங்குனிக்குள் தீர்த்து வை. இல்லையென்றால் வேறு ஊர் பார்த்துக்கொள்" என்றார் மன்னர்.

நக்கண்ணன் பூக்காரி செவ்வந்தியிடம் போனான்.

"உனக்கு நிழல் வேண்டுமா, வெயில் வேண்டுமா?"

"வேணும்."

"எது?"

"அதான் சொன்னேனே, வேணும்."

ஒன்றும் புரியவில்லை. மறுநாள் விடிந்ததும் தெருவில் பாய் விரித்து யோசிக்க உட்கார்ந்தான். யோசித்தான், யோசித்தான், உச்சிவேளை ஆகும்வரை யோசித்தான்.

வெல்லம் விற்கும் பூதன் சிரித்தான். "காலையில என் பக்கம் வெயில் காய்ஞ்சீங்க. இப்போ எதிர்ச்சுவர் நிழல்ல ஒண்டிக்கிட்டீங்க. ஊர் மாறணுமேன்னு பழகிப் பார்க்கிறீங்களா?"

நக்கண்ணன் பாயைப் பார்த்தான். எப்போது எழுந்தான், எப்போது இழுத்துப் போட்டான், அவனுக்கே தெரியவில்லை.

அன்று மாலையே தெருவின் தென்பக்கம் மட்டும் பந்தல் போட்டான். வடபக்கத்தை வெயிலுக்கு விட்டான். யாரும் எந்த நேரமும் பக்கம் மாறலாம் என்று பறையறையச் செய்தான்.

பங்குனி பிறந்தது. மன்னர் நக்கண்ணனையும் செவ்வந்தியையும் அழைத்து, அவளிடம் கேட்டார். "புகார் உண்டா?"

"உண்டு மகாராஜா. பந்தல் பக்கம் ஒரே நெரிசல்."

நக்கண்ணனுக்கு வியர்த்தது.

"அதனால நான் வெயில் பக்கம் போயிட்டேன். பூவெல்லாம் வித்துப்போச்சு."

மன்னர் சிரித்துவிட்டு நக்கண்ணனை வேலைக்குப் போகச் சொன்னார். அவள் சொன்னது புகாரா, பாராட்டா என்று குழம்பிக்கொண்டே அவன் தன் தெருவுக்குத் திரும்பினான்.

கேட்டவர்களே, பிறருக்கு எது சுகம் என்று நாமே முடிவு செய்வதைவிட, அவர்களே தேர்ந்துகொள்ள இடம் விடுவதுதான் நல்லது.