பொன்னையா வீட்டில் இரண்டு இணைப்புகள்

பாளையங்கோட்டையில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் ஆக்னஸ். வயது முப்பத்தொன்று. அவரிடம் தொழில் கற்கும் காசிலிங்கத்துக்கு ஐம்பத்திநான்கு. வேலை பார்த்த தீப்பெட்டிக் கம்பெனியை மூடிய பிறகு வந்து சேர்ந்தவர். குருவை அவர் டீச்சர் என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மாதத்தின் கடைசி நாள். பொன்னையா வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது காசிலிங்கத்துக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"இன்னைக்கு முப்பத்தொண்ணுடே. உன் மாசம் இன்னும் முடியல. நாளைக்கு ஒண்ணாம் தேதி வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள என்ன அவசரம்?"

தம்பிமேல் எரிந்து விழுந்துவிட்டுப் போனை வைத்தார் காசிலிங்கம். பக்கத்தில் நின்று கேட்ட ஆக்னஸ் கருவிப் பையை எடுத்துக்கொண்டார்.

பொன்னையா கீழ்வீட்டு முன்னறையில் காத்திருந்தார். எண்பது வயது. மஸ்கட்டில் இருக்கும் மகளுக்கு மறுநாள் காலை ஆபரேஷன். நாலு மணிக்கு வீடியோவில் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மூன்று வாரமாக அவள் பேச ஆரம்பித்ததும் படம் அப்படியே நின்றுவிடுகிறது.

காசிலிங்கம் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். மாடியிலிருந்து மூத்த மகனின் நெட் கேபிள் வந்து செருகியிருந்தது. பக்கத்தில் கீழ்வீட்டு இளைய மகனின் வைஃபையைப் பிடிக்க ஒரு சின்ன யூ.எஸ்.பி. குச்சி.

"டீச்சர், ரெண்டும் ஒண்ணா ஓடுது. கம்ப்யூட்டர் இதுலயும் நிக்காம அதுலயும் நிக்காம தாவுது. ஒண்ணை எடுத்துட்டாப் போதும்."

"எதை?"

"ஐயா எதைச் சொல்லுதாரோ அதை."

பொன்னையா வாசலைப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒரு மாசம் மாடியில சோறு, ஒரு மாசம் கீழ சோறு. எதை எடுத்தாலும் ஒரு மாசம் ஏச்சு கேக்கணும். ரெண்டும் இருக்கட்டும்யா."

வயசானவர்களை இப்படி மாதம் போட்டுப் பிரித்துக்கொள்வது நம் ஊரில் பலருக்கு நியாயமாகவே படுகிறது. தப்பென்று சொன்னால் கோபம்தான் வரும்.

பேசி முடிக்கும்வரைக்குமாவது என்று காசிலிங்கம் கேபிளைக் கழற்றினார். வெளியே கிளம்ப மாடியிலிருந்து இறங்கி வந்த மூத்த மகன், தொங்கிய கேபிளைப் பார்த்தார்.

"என் லைன் கசக்குதோ? அப்ப சோத்தையும் அவன்கிட்டயே வாங்கிக்கிடுங்க."

கேபிள் திரும்பவும் ஏறியது. குச்சியைப் பிடுங்கி மேசையில் வைத்தார் காசிலிங்கம். காப்பியோடு வந்த இளைய மருமகள் அதைப் பார்த்தாள். காப்பியை வைக்காமலே உள்ளே போய்விட்டாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பொன்னையா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

ஆக்னஸ் எழுந்து வந்தார். கேபிளையும் கழற்றினார். தன் போனை ஒரு ஒயரால் கம்ப்யூட்டரில் செருகி, அதன் நெட்டைக் கொடுத்தார். கதவைச் சாத்தினார்.

மகள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. இருபது நிமிடம் ஒரு தடங்கலும் இல்லை.

"அண்ணனுங்க எங்கப்பா?"

"ரெண்டு பேரும் இங்கதாம்மா நிக்காங்க."

அறையில் நின்றது ஆக்னஸும் காசிலிங்கமும்தான்.

பேசி முடித்ததும் பொன்னையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தாயி, ரெண்டையும் பழையபடி மாட்டிட்டுப் போயிரு. இன்னைக்கு இங்க சாப்பிடணும். நாளைக்கு மாடிக்குப் போகணும்."

ஆக்னஸ் இரண்டையும் மாட்டினார்.

தெருவுக்கு வந்ததும் காசிலிங்கம் கொதித்தார்.

"தெரிஞ்ச பழுதை அப்படியே விட்டுட்டு வந்துட்டோமே டீச்சர். ஆபரேஷன் முடிஞ்சு அந்தப் பிள்ளை கூப்பிட்டா மறுபடியும் லைன் அந்து போகுமே. இவனுவளும் மனுசனா? பெத்த அப்பன் ரெண்டு பக்கமும் பயந்து சாகுதாரு. இதை எப்படித்தான் சரி பண்ணுறது?"

ஆக்னஸ் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"நாளைக்கு ஒண்ணாம் தேதி, அண்ணாச்சி. அம்மாவைக் கூட்டப் போகணும்லா, நீங்க வேலைக்கு வர வேண்டாம்."