பாதிக் கல்யாணம் காணோம்

“எல்லாத்தையும் ஒரே டிரைவ்ல போட்டு வச்சா ஒருநாள் மொத்தமும் போயிரும்டா. ரெண்டாப் பிரிச்சு வைக்கணும்.”

டீக்கடையில் ஒரு கல்லூரிப் பையன் இன்னொருவனிடம் சொன்னான். பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த தங்கப்பழத்துக்கு வடை இறங்கவில்லை. மொட்டைப்பனை ஊரின் ஒரே போட்டோ ஸ்டுடியோ அவனுடையது. தங்கை செல்வக்கனியின் கல்யாணப் படங்கள் முழுக்க ஸ்டுடியோ கம்ப்யூட்டரின் ஒரே டிரைவில்தான் கிடந்தன. மறுநாள் மாப்பிள்ளை கப்பலேறுகிறார். ஆல்பம் கைக்கு வராமல் ஏற மாட்டேன் என்று சொல்லியிருந்தார். சிரிக்காமல் சொல்லியிருந்தார்.

தங்கப்பழம் ஓடிப்போய், ஸ்டுடியோவில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டாளிகள் இசக்கிராஜாவையும் பொன்வேலையும் எழுப்பினான். கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார்கள்.

“முதல்ல காப்பி எடுத்துப் பத்திரமான இடத்துல வைங்க,” என்றார் அவர். “அப்புறம் இருக்கிற படத்தையெல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கிட்டு, மிச்ச இடத்தைத் தனி டிரைவா ஆக்கணும். நான் சொல்ற பட்டனை அமுக்குங்க. முடியிற வரைக்கும் கரண்ட் போகக் கூடாது.”

பொன்வேல் காப்பி எடுத்தான்.

“எங்கலே வச்ச?”

“அதே கம்ப்யூட்டர்லதான். நம்ம மூணு பேரும் சுத்தி நிக்கோம். இதைவிடப் பத்திரமான இடம் ஏது?”

தங்கப்பழத்துக்கு மனசு குளிர்ந்தது. ஆனால் ஒதுக்குவது எப்படி? அரிசி மூட்டையைச் சாய்த்தால் அரிசி ஒரு பக்கமாக வந்துவிடுகிறதே என்று இசக்கிராஜா வழி சொன்னான். மூவருமாகக் கம்ப்யூட்டர் பெட்டியைச் சாய்த்து அடியில் செங்கல்லை வைத்தார்கள்.

“மெதுவாலே! பந்திப் படத்துல சாம்பார் வாளி இருக்கு!”

பட்டனை அமுக்கியதும் இசக்கிராஜா பிளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பொன்வேல் வெளியே போய்க் கரண்டு கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காயை விரட்டினான். அது பக்கத்துக் கம்பிக்குப் போனது. அங்கேயும் விரட்டினான்.

ஒருவழியாக முடிந்தது. திரையில் சி, டி என்று இரண்டு டிரைவ். தங்கப்பழம் சி-யைத் திறந்தான். எல்லாப் படமும் இருந்தது. டி-யைத் திறந்தான். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.

“ஐயோ, பாதிக் கல்யாணம் போச்சே!”

“சி-யில எல்லாம் இருக்கேலே,” என்றான் பொன்வேல்.

“அது சி-யோட பங்கு. டி-யோட பங்கு எங்க?”

பொன்வேல் தாடையைத் தடவினான். நியாயமாகத்தான் பட்டது. “நலுங்கு இருக்கு, தாலி கட்டு இருக்கு, பந்தி இருக்கு. அப்போ எந்தப் பாதி போச்சுலே?”

“போனதுனாலதான் தெரியல,” என்றான் இசக்கிராஜா, பிளக்கை விடாமல். “இருந்தா தெரிஞ்சிருக்கும்லா.”

அன்று சாயங்காலம் செல்வக்கனி வீட்டு வாசலில் தவில் சத்தம் கேட்டது. பாதிக் கல்யாணத்துக்கு முழு மேளம் எதற்கு என்று நாதசுரக்காரரை விட்டுவிட்டு, மூவரும் தவில்காரரை மட்டும் கூட்டி வந்திருந்தார்கள். பெட்டி கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை கைலியோடு வெளியே வந்தார்.

“என்னண்ணே இது கூத்து?” என்றாள் செல்வக்கனி.

“ஒண்ணும் கேக்காதம்மா. போய்ப் பட்டுச்சேலையைக் கட்டிட்டு வா.”

தங்கப்பழம் ஒற்றை மாலையை மாப்பிள்ளை கழுத்தில் போட்டு, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கத்திவிட்டு, கேமராவைக் கண்ணில் வைத்தான்.