சைக்கிளைத் துரத்தும் நாய்

அந்தக் காலத்தில் நாய்களுக்கும் பேச்சு இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்று வையுங்கள்.

கீழத்தெரு ஒண்டிமுத்து ஒரு செவலை நாய் வளர்த்தார். கொழும்பில் பாடுபட்டுத் திரும்பியபோது ஒரு சைக்கிளும் கொண்டுவந்தார். ஆனால் மேலத்தெரு வந்ததும் கீழத்தெருக்காரர்கள் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும்; மேலே சட்டையும் போடக் கூடாது. ஊர்க்கட்டு அப்படி. நாய்க்கு அந்தக் கட்டு இல்லை. அது பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு போகும்.

ஒருநாள் இருவரும் டவுனுக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒண்டிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செவலை. "ஆடாம அசையாம இருக்கணும்" என்றார் படம் பிடிப்பவர். அப்படியே இருந்துவிட்டதில் செவலைக்கு அவ்வளவு பெருமை.

படம் கைக்கு வந்ததும் ஒண்டிமுத்து சொன்னார்: "ஏ செவலை, இது நம்ம வீட்டோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா வம்பு."

"நான் யார்கிட்டண்ணே காட்டப்போறேன்?"

சொன்ன நாயே மறுநாள் படத்தைக் கவ்விக்கொண்டு மேலத்தெருவுக்கு ஓடியது. அங்குள்ள நாய்களிடம் தன் முகத்தைக் காட்டாவிட்டால் அதற்குத் தலை வெடித்துவிடும்.

மேலத்தெருப் பண்ணையார் படத்தைப் பிடுங்கிப் பார்த்தார். "சட்டையப் போட்டுக்கிட்டு சைக்கிள் மேல உக்காந்திருக்கவன் எவம்லே?"

"எங்க ஒண்டிமுத்து அண்ணன்தான். பக்கத்துல நான். நல்லா விழுந்திருக்கேனா?"

அன்று சாயங்காலம் ஒண்டிமுத்துவின் சட்டையை உரித்து, சைக்கிளைத் தலையில் தூக்கவைத்து, மேலத்தெருவை மூன்று சுற்று வரச்செய்தார்கள். ஊரே பார்த்தது. ஒருவரும் தடுக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கே நாக்கூசுகிறது. செவலை பின்னாலேயே போனது. அவர் அதை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அதற்கு.

ஊர் எல்லையில் ஒண்டிமுத்து சைக்கிளை இறக்கினார், ஏறினார், மிதித்தார். "அண்ணே, தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லத்தான் செவலை பின்னால் ஓடியது. வெட்கத்தில் வார்த்தை தொண்டையிலேயே சிக்கி, வெறும் குரைப்பாக வந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார். அதைக் கண்ட மற்ற நாய்களும் அதன்பின் பேசக் கூசின.

அன்றிலிருந்துதான் நாய்கள் சைக்கிளைக் கண்டால் குரைத்துக்கொண்டே துரத்துகின்றன. கடிக்க வருகிறதென்று நாம் இன்னும் வேகமாக மிதிக்கிறோம். ஒரு தடவை இறங்கி நின்றுதான் பாருங்களேன்: மன்னிப்புக் கேட்க வாய் வராமல், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிவிடும்.