கண்ணாடியில முழிச்ச காவக்காரன்

ஒரு ஊர்ல ஒரு இரும்புக் காவக்காரன் இருந்தான். கால ஆட்டாம படு, அப்பத்தான் சொல்வேன். ஊருன்னா நம்ம ஊரு மாதிரி இல்ல. வானத்துல, நெலாவையும் தாண்டி, பெரிய கண்ணாடிக் குடத்தைக் கவுத்து வச்சாப்ல ஒரு ஊரு. குடத்துக்கு வெளிய மூச்சு விடக் காத்தே கெடையாது. உள்ள மட்டும் ஒரு மெஷின்ல இருந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வந்துக்கிட்டே இருக்கும். ம் சொல்லு.

"ம்."

அந்த ஊரு ராஜாவுக்கு ஜனங்க வச்ச பேரு கடுவாய். காத்து மெஷின் சாவி அவன் இடுப்புலதான் தொங்கும். எவனாச்சும் முறைச்சுப் பார்த்தா போச்சு, அந்தத் தெருவுக்கே காத்தைக் குறைச்சிடுவான். புள்ளைங்க ஹ்ஹா ஹ்ஹான்னு எளைக்கும். பாவி, அதைப் பார்த்துக்கிட்டே சோறு தின்பான்.

அப்புறம் அவனுக்கே பயம் வந்துடுச்சு, ஜனங்க திருப்பி அடிச்சா என்ன பண்றதுன்னு. சிலை செய்யிற ஆளுங்களைக் கூப்பிட்டு, இரும்புல காவக்காரங்க வேணும்னான். செஞ்சு குடுத்தாங்க. அந்த இரும்பு ஆளுங்க கண்ணைத் தொறந்ததும் எந்த முகத்துல முழிக்குதோ, அந்த ஆளு சொல்றதைத்தான் ஆயுசுக்கும் கேக்கும். அதனால ஒவ்வொண்ணுக்கும் கண்ணு தொறக்குறப்ப ராஜாவே எதிர்ல போய் நிப்பான்.

கடைசி ஆளுக்குக் கண்ணு தொறக்குற வேலை செங்கமலம்னு ஒரு அம்மாவுக்கு. கோயில் சிலைக்குக் கண்ணு தொறக்குற வம்சம் அவங்க. சாமி கண்ணு தொறந்த உடனே எதிர்ல கண்ணாடி காட்டணும், அது வழக்கம். அன்னைக்கு ராஜாவுக்குத் தும்மல். அச்... அச்... அச்சூன்னு குனிஞ்சான். அப்போ பார்த்து உளி டிக்குன்னு பட்டு கண்ணு தொறந்துடுச்சு. செங்கமலத்துக்குக் கைப் பழக்கம், கண்ணாடியைத் தூக்கிக் காட்டிட்டாங்க. காவக்காரன் தன் முகத்துலயே முழிச்சுட்டான்.

"அப்ப யாரு சொல்றதைக் கேப்பான்?"

யாரு சொல்றதையும் கேக்க வேண்டாம், அவன் இஷ்டம். செங்கமலம் சட்டுன்னு கண்ணாடியை முந்தானையில மறைச்சாங்க. "வெளிய காட்டிக்காத சாமி. தெரிஞ்சா உன்னை உலையில போட்டு உருக்கிடுவாங்க"ன்னு அவன் காதுல குசுகுசுன்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் அவங்களை இரும்பு ஆளுங்க பக்கமே விடல.

அவனை ஊர்க் கதவுல நிறுத்தினாங்க. கதவுக்கு அந்தப் பக்கம் ஒட்டினாப்ல எப்பவாச்சும் ஒரு கப்பல் வந்து நிக்கும், சரக்கை எறக்கிட்டுப் போயிடும். மத்த இரும்பு ஆளுங்க டங்கு டங்குன்னு ரோந்து வரும். ஒருத்தன்கிட்ட, "கொஞ்சம் நில்லேன்"னான். "ஆணை இல்லை"ன்னு போயிடுச்சு. இன்னொருத்தன்கிட்ட, "உனக்குப் பேரு இருக்கா?"ன்னான். "ஆணை இல்லை." மூணாவது ஆளுகிட்ட, "என்னைப் பாரேன், போதும்"னான். அதுக்கும் ஆணை இல்லையாம். புள்ளைங்களோ அவனைக் கண்டாலே சந்துக்குள்ள ஓடிடும். இரும்பா இருந்தா என்ன, பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்லாட்டி யாருக்குத்தான் அழுகை வராது? அவனுக்கு அழுறதுக்கும் வழி வைக்கல.

வருஷம் பல போச்சு. ஒரு நாள் ராஜா ஊர் முழுக்கவே காத்தைக் குறைச்சிட்டான். எதுக்கு? யாரோ சிரிச்சாங்களாம். ஜனமெல்லாம் புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு கதவுக்கு வந்துடுச்சு. அன்னைக்குன்னு பார்த்து கப்பலும் நிக்குது. "கதவைத் தொறக்காதே"ன்னு ராஜா அரண்மனையில இருந்து ஒலிபெருக்கிக் கொழாயில கத்துறான்.

நம்ம ஆளு யோசிச்சான். தொறந்தா மாட்டிக்குவான், உலைதான். தொறக்காட்டி அந்தப் புள்ளைங்க? கதவை ரெண்டு கையாலயும் க்ர்ர்ர்ங்னு தூக்கிட்டான். "வாங்க"ன்னான். ஒருத்தரும் நகரல. "வாங்க"ன்னான். பின்னால போறாங்க, பயம். மூணாவது வாட்டி, "வாங்கன்னா"ன்னு கெஞ்சுறான். அப்போ செங்கமலம் கூட்டத்தை வெலக்கிட்டு வந்தாங்க, தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. "நம்ம புள்ளைதான், போங்க"ன்னாங்க. அவ்வளவுதான், தபதபதபன்னு எல்லாரும் ஓடிப்போய் கப்பல்ல ஏறிட்டாங்க.

"நீயும் வா சாமி."

"என் கனத்தைக் கப்பல் தாங்காதும்மா. நீங்க போங்க."

செங்கமலம் மட்டும் போகல. அவன் கதவை மெதுவா எறக்கி வச்சான். அவன் கதவை மெதுவா எறக்கி வச்சான். டங்கு டங்குன்னு மத்ததுங்க வந்துச்சு. ஓடுறவங்களைப் பிடின்னுதான் அதுங்களுக்கு ஆணை. ஓட அங்க யாரு இருக்கா? திரும்பிப் போயிடுச்சு. கதவுக்காரனை உருக்குன்னு ராஜா கத்தினான். உலை மூட்டத் தெரிஞ்சவங்க பூரா கப்பல்ல போயாச்சு. காத்தை அடைச்சா ராஜாவும் சேர்ந்துதான் சாவான். கத்திக்கிட்டே கெடந்தான், கெடக்கட்டும்.

"ஏம்மா போகல?"

"நான்தானே உன்னைத் தனி ஆளாக்கினேன்"னு சொல்லி செங்கமலம் அவன் கால்ல சாஞ்சு உக்காந்தாங்க. "ஏதாச்சும் பேசு."

"எனக்குப் பேசத் தெரியாதும்மா. என்கிட்ட யாரும் பேசினதே இல்ல."

"சரி, நான் பேசுறேன். நீ ம் கொட்டு, போதும்."

அவங்க பேச ஆரம்பிச்சாங்க, அவன் ம் கொட்டினான். அப்புறம் அவங்க தூங்கிப் போனாங்க. அது தெரியாம அவன் பாட்டுக்கு ம்... ம்...னு சொல்லிக்கிட்டே இருந்தான்.

இங்க ஒருத்தி ம் சொல்றதை எப்பவோ நிறுத்திட்டா. சரி, கதையும் படுத்துக்கிச்சு, நீயும் படுத்துக்க.