ஒற்றைக் கொட்டாங்கச்சியும் நாற்பத்தெட்டு நாளும்

மேல்வாயூர்க் கூத்து ஜமாவில் ஆறு பேர். ஆறு பேருக்கும் சேர்த்து அறிவு அரை ஆளுக்குத்தான் காணும். அதையும் யாரிடம் கொடுத்து வைத்தோம் என்று மறந்துவிட்டார்கள். அந்த ஜமாவில் இருபது வருஷமாக ராணி வேஷம் கட்டியவன் கன்னியப்பன். மீசையை மழித்து, சேலை கட்டி, ரவிக்கைக்குள் இரண்டு கொட்டாங்கச்சியைப் பொருத்திக்கொண்டு அவன் திரையை விலக்கி வந்தால், நிஜ ராணிகளே எழுந்து நிற்க வேண்டும். அந்த வேஷம்தான் அவனுக்கு உயிர்.

போன திருவிழாவில் ஒரு சுற்று வேகமாகச் சுற்றிவிட்டான். இடது கொட்டாங்கச்சி நழுவி, உருண்டோடி, முன்வரிசையில் இருந்த விழாத் தலைவர் பொன்னுரங்கத்தின் காலடியில் போய் நின்றது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பொன்னுரங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

“அடுத்த வருஷம் ஒண்ணும் உருளக் கூடாது. உருண்டுச்சு, ராணி வேஷத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்” என்றார்.

கன்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சந்தையில் ஒருவன் வேனில் மைக் கட்டி, மார்பகம் வளர்க்கும் மூலிகைச் சூரணம் விற்றான். முழுக்க இயற்கை, நாற்பத்தெட்டு நாளில் பலன், பலன் தெரியாவிட்டால் இன்னொரு டப்பா வாங்கிக்கொள்ளலாம் என்றான். இவ்வளவு நேர்மையான ஆளை எங்கே பார்ப்பது என்று வாங்கி வந்தார்கள்.

ஜமாவின் வாத்தியார் ஏகாம்பரம் டப்பாவை எழுத்துக் கூட்டிப் படித்தார். “காலையும் மாலையும் வெறும் வயிற்றில், பாலில் கலந்து, பெண்கள் மட்டும் உட்கொள்ளவும்.”

“நான் பொம்பளையா வாத்தியாரே?” என்று கவலையோடு கேட்டான் கன்னியப்பன்.

“வேஷம் கட்டுனா பொம்பளதான். இருவது வருஷமா ஊரே ஒத்துக்கிட்டிருக்கு.”

ஆக, முழு வேஷத்தில்தான் மருந்து. அரிதாரம் பூசி நகை பூட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை பச்சைத் தண்ணீர் கிடையாது.

மத்தளக்காரர் மண்ணாங்கட்டி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். “ரெண்டு கொட்டாங்கச்சியும் உள்ள இருந்தா, மருந்து வந்து பாக்கும். அதான் ஏற்கெனவே இருக்குதேன்னு திரும்பிப் போயிடுமே?”

எல்லோருக்கும் திக்கென்றது.

“அப்ப எடுத்துடலாம்” என்றான் கன்னியப்பன்.

“எடுத்தா நீ பொம்பள இல்ல, சேலை கட்டின கன்னியப்பன்” என்றார் வாத்தியார். “மருந்து சேராது.”

அரை நாள் விவாதித்து, ஒரு பக்கம் மட்டும் வைப்பதென்று முடிவாயிற்று. காலையில் இடது, மாலையில் வலது. இருக்கிற பக்கம் பெண் என்பதற்குச் சாட்சி. இல்லாத பக்கம் மருந்துக்கு வேலை.

காலை வேஷத்தைக் கலைப்பதற்குள் மாலை வேஷத்துக்கு உட்கார வேண்டும். இடையில் சாப்பிட்டால் வயிறு வெறுமையாக இருக்காதே என்று மண்ணாங்கட்டி பக்கத்திலேயே காவல் இருந்தார், கன்னியப்பன் பங்குச் சோற்றையும் தாமே சாப்பிட்டுக்கொண்டு. பசி மயக்கத்தில் மருந்துப் பாலில் பாதி ரவிக்கையில்தான் சிந்தியது. பாவம், வேஷம் நிலைத்தால் போதும் என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான்.

நாற்பத்தெட்டாம் நாள் ரவிக்கையைப் போட்டுப் பார்த்தார்கள். முன்பு கச்சிதமாக இருந்த ரவிக்கை இப்போது தொளதொளவென்று தொங்கியது. உள்ளே இன்னொரு கன்னியப்பன் குடியிருக்கலாம்.

வாத்தியார் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். “மருந்து பொய் சொல்லல. வளந்திருக்கு.”

“எங்க வாத்தியாரே?”

“ரவிக்கை வளந்திருக்குடா. பாதிப் பாலக் குடிச்சது அதுதான?”

கன்னியப்பன் ஓவென்று அழுதுவிட்டான். “பட்டினி கெடந்தது நானு, பலன் அதுக்கா?”

“யாருக்குப் பலிச்சுதோ அவங்கதான் ராணி. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?”

திருவிழாவன்று ரவிக்கையை மூங்கில் கழியில் மாட்டி மேடையில் நிறுத்தினார்கள். கன்னியப்பன் திரைக்குப் பின்னாலிருந்து அதற்காகப் பாடினான், வசனம் பேசினான், மனசு தாங்காமல் சொந்தமாகவும் கொஞ்சம் அழுதான். பொன்னுரங்கம் கடைசிவரை கண்கொட்டாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூத்து முடிந்ததும்தான் ஒரு தரம் நிமிர்ந்து ராணியைப் பார்த்தார்.

“சபாஷ்! ஒண்ணும் உருளல. வேஷம் உங்க ஆளுக்கே” என்றார். “ராணிதான் ரொம்ப எளைச்சுட்டா. மொதல்ல அவளுக்கு வயிறாரச் சோறு போடுங்க. அப்புறம் மத்தவங்க சாப்பிடலாம்.”

பந்தியில் ரவிக்கைக்குத் தலைவாழை இலை போட்டுப் பரிமாறினார்கள். வெறும் இலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியப்பன் வெகு நேரம் பொறுத்துப் பார்த்தான்.

“வாத்தியாரே, அது ரசத்துக்கு வந்துடுச்சா?”

“இன்னும் சாம்பாரையே தொடலடா. ராணிய அவசரப்படுத்தாத.”