கை தேடிய சாமான்கள்

வடிவம்மையின் மடத்தில் கேள்வி கேட்க வருகிறவர்கள் முதலில் அரிசி களைந்து கொடுக்க வேண்டும். களைந்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கேள்வியே மறந்துபோகும்.

பவளக்கொடிக்கு மறக்கவில்லை. மூன்று படி அரிசியையும் களைந்து வைத்துவிட்டு, ஈரக்கையை முந்தியில் துடைத்துக்கொண்டு நின்றாள். மூன்று வயது மகள் பேச்சி அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். பவளக்கொடியின் காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தாள்.

வடிவம்மை அவளைவிட இரண்டு வயது இளையவர். "தங்கச்சி வயசுக்காரியைப் போய்க் குருங்கிறியே" என்று தெருவில் கேலி பேசுவார்கள். பவளக்கொடி தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். குருவும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"கேளுங்கக்கா."

"தனிக்குடித்தனம் வந்துட்டோம் அம்மை. மாமியார் ஒரு கரண்டி கூடத் தரல. 'மூணே மாசம். வெறுங்கையோட என் அடுப்படிக்குத்தான் திரும்பி வருவா'ன்னு தெருவுல நின்னு சொல்லிட்டாங்க. கம்மலை வித்த காசு இருக்கு. அது போனா வேற வழியில்ல. அடுப்படிக்கு என்னென்ன வாங்கணும்னு எழுதியிருக்கேன். சரியான்னு நீங்க பார்க்கணும்."

அம்மை சீட்டை வாங்கிப் படித்தார்.

"முறுக்கு உரல் எதுக்கு?"

"தீபாவளி வருமே."

"எப்போ?"

"இன்னும் ஏழு மாசம் இருக்கு."

"டம்ளர் பன்னிரண்டு?"

பவளக்கொடி காலைப் பார்த்தாள். "மாமியார் வீட்டு ஆளுக வந்தா, ஒண்ணுமில்லாம கிடக்காகன்னு நினைச்சுரக் கூடாதில்ல."

"அப்ப இது உங்க மாமியாருக்கு எழுதின சீட்டு" என்றார் அம்மை. மடித்து அவளிடமே கொடுத்தார்.

பிறகு உள்ளே போய் மடத்துப் பானை ஒன்று, குழம்புச் சட்டி ஒன்று, அகப்பை ஒன்று எடுத்து வந்தார். ஆணியில் தொங்கிய தினசரி நாட்காட்டியையும் கழற்றினார்.

"ஒரு மாசம் இதை வச்சு ஆக்குங்க. உங்க கை எதைத் தேடிப்போய்ச் சும்மா திரும்புதோ, அதை அன்னைக்குக் கிழிக்கிற தாளுக்குப் பின்னால எழுதுங்க. ஆசைப்பட்டதை எழுத வேண்டாம். தேடினதை மட்டும்."

"நான் அஞ்சாவதுதான் அம்மை. எழுதினா தப்பும் தவறுமா வரும்."

"நான் ஆறாவது. எனக்குப் புரியும்."

முதல் நாளே முந்தியைச் சுருட்டிச் சட்டியை இறக்கப்போய் விரலைச் சுட்டுக்கொண்டாள். தாளைக் கிழித்து 'இடுக்கி' என்று எழுதினாள். மறுநாள் சோற்றுப் பானையை ஒரு பல்லி எட்டிப் பார்த்தது. 'மூடி'. பருப்பு வேகுமுன் பேச்சி அழுது அழுது தூங்கிப்போனாள். அன்றைக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல், 'பருப்பு வேகல, புள்ள தூங்கிட்டா' என்று எழுதினாள்.

அவள் புருஷன் சேர்மராஜ் செங்கல் சூளைக்குப் போகிறவன். சோற்றை இலையில் கட்டிக் கொடுத்தாள்.

"ஏ பவளம், குழம்பு பூரா சட்டையில ஒழுகிருச்சு" என்றான் வந்ததும். "சூளையில கிடக்கிற நாயெல்லாம் என்னைத்தான் முதலாளின்னு நினைச்சுப் பின்னாலயே வருது."

சிரித்துக்கொண்டே 'தூக்குவாளி' என்று எழுதினாள். இலை கிடைக்காத நாளில் 'அவருக்குத் தட்டு' என்று எழுதினாள். ஒரே இலை இருந்து, அவன் சாப்பிட்டு முடியும்வரை பேச்சி காத்திருந்த நாளில் 'பேச்சிக்கு ஒரு சின்னத் தட்டு'.

மாதம் முடிந்ததும் முப்பது தாளையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மை ஒரே சாமான் எழுதிய தாள்களைச் சேர்த்துச் சேர்த்து முறத்தில் வைத்தார். முறுக்கு உரல் ஒரு தாளிலும் இல்லை. பன்னிரண்டு டம்ளரும் இல்லை.

"கனமா இருக்கிற கட்டுல உள்ளதை முதல்ல வாங்குங்க. ஒத்தைத் தாளா நிக்கிறது இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும்."

பவளக்கொடி பழைய பாத்திரக் கடைக்குப் போனாள். எல்லாம் எடைக்குத்தான். ஒரு தட்டில் 'ரா. செல்லையா' என்று பேர் வெட்டியிருந்தது. தூக்குவாளியில் யாரோ ஒரு கோமு. யார் பேராயிருந்தால் என்ன, ஓட்டை இல்லை. பருப்புக்குச் சின்னக் குக்கரும் இடுக்கியும் மூடியும் பேச்சிக்குச் சின்னத் தட்டும் வாங்கிய பிறகும் முந்தியில் முடியக் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மூன்று மாதம் போனது. அவள் மாமியாரின் அடுப்படிக்குத் திரும்பிப் போகவில்லை. மிச்சக் காசில் சொந்தமாகப் பானையும் சட்டியும் அகப்பையும் வாங்கிவிட்டு, மடத்துப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப்போனவள், கூச்சத்தோடு கேட்டாள்.

"ஒருநாள் வீட்டுக்கு வந்து சாப்பிடணும் அம்மை."

அம்மை வந்தார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு தெரு முனை வரை மணந்தது. பேச்சி முன்னமே சாப்பிட்டுவிட்டு, தன் சின்னத் தட்டைக் கவிழ்த்து மேளம் அடித்துக்கொண்டிருந்தாள். பவளக்கொடி பெரிய தட்டை இரண்டு தரம் கழுவிச் சோறு போட்டாள்.

"உங்களுக்கு?" என்றார் அம்மை.

"நீங்க சாப்பிடுங்க. நான் கடைசியில குழம்புச் சட்டியிலயே சோத்தைப் போட்டு வழிச்சுச் சாப்பிட்டுக்குவேன். அதுலதான் ருசி."

"தினமுமா?"

"தினமும்தான்."

அம்மை தட்டை அவள் பக்கம் தள்ளினார். குழம்புச் சட்டியை இழுத்து மடியருகே வைத்து, பானையிலிருந்து சோற்றை அள்ளிப் போட்டுப் பிசையத் தொடங்கினார்.

பவளக்கொடி பதறிப்போனாள். "ஐயோ அம்மை, என்ன இது! வீட்டுக்கு வந்தவங்களைச் சட்டியில சாப்பிட வச்சேன்னு தெரிஞ்சா என் மானமே போயிரும். கொடுங்க இப்படி."

"ருசின்னீங்களே."

"அது எனக்கு. நீங்களும் நானும் ஒண்ணா?"

அம்மை ஒரு வாய் சாப்பிட்டார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தார். பிறகு சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார்.

"இன்னைக்குத் தாள் கிழிக்கலையே அக்கா."

பவளக்கொடி எழுந்துபோய்க் கிழித்தாள். பழக்கத்தில் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

"என்ன எழுத அம்மை?"

"முப்பது தாளையும் நான்தான் படிச்சேன். அதுல உங்க வீட்டுக்காரர் இருந்தாரு. பேச்சி இருந்தா" என்றார் அம்மை. "எழுதினவங்களைக் காணோம். அன்னைக்கு எனக்கும் தெரியாமப் போச்சு."

பவளக்கொடி தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பேச்சி மேளம் அடிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

"உட்காருங்கக்கா" என்றார் அம்மை. "தட்டுல சோறு ஆறுது."