டொக் என்று ஒரு கல்

செவலைக் குதிரை வராவிட்டால் பனிக்கொம்பையில் குழம்புக்கு உப்பு கிடையாது. முப்பது வீடுள்ள அந்த மலையூருக்கு வண்டிப்பாதை இல்லை. எல்லாமே அவள் முதுகில்தான் ஏறும்.

ஊருக்கு முந்தின வளைவில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பாதையைத் தாங்கியது ஓரத்துக் கல்லடுக்குதான். மழையில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். அதனால் ஏறி வருகிற ஒவ்வொருவரும் கீழே ஓடையிலிருந்து ஒரு கல்லைக் கவ்வி வந்து அதில் வைக்க வேண்டும். ஊர் வழக்கம் அது.

"முதுகில் ரெண்டு மூட்டை, வாயில் கல் வேறயா? போங்கப்பா!" என்று ஒருநாள் செவலைக்குச் சலித்துவிட்டது. வெறும் வாயோடு வந்தாள். அடுக்கிலிருந்த வெள்ளைக் கல்லைத் தூக்கி, அதே இடத்தில் ‘டொக்’கென்று போட்டாள்.

மேலே மேய்ந்த மயிலி ஆடு கேட்டது: "கல் வெச்சாச்சா அக்கா?"

"சத்தம் கேக்கலையா? வெச்சாச்சு!"

ஆகா, என்ன சாமர்த்தியம்! அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான்.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. மூன்றாம் நாள் காலையில் தன் குட்டியை ஊரில் விட்டுவிட்டு உப்புக்குப் போன செவலை, மதியம் திரும்பினாள். வளைவில் அடுக்கையும் காணோம், பாதையையும் காணோம்!

அந்தப் பக்கம் குட்டி கத்தியது: "அம்மா, பசிக்குது! பால் வேணும்!"

செவலைக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, நான் ஒருத்தி வைக்காததுக்கா இப்படி? ஒரே வெள்ளைக் கல்லைத்தானே தூக்கித் தூக்கிப் போட்டேன்!"

குட்டியின் பக்கத்தில் நின்ற மயிலி தலை குனிந்தது. "வெள்ளைக் கல்லா? நானும் அதையேதான் போட்டேன் அக்கா!"

அங்கேயே நின்ற கருப்பன் நாயும் வாலைச் சுருட்டிக்கொண்டு முனகியது: "நானும்தான்!"

அடப் பாவிகளா! ஊரே ஒற்றைக் கல்லை வைத்தல்லவா இத்தனை நாள் ஓட்டியிருக்கிறது!

செவலை மூட்டைகளை இறக்கி, ஓடைக்கு ஓடினாள். அந்தப் பக்கமிருந்து ஆடும் நாயும் கல் உருட்டின. குட்டி கத்தக் கத்த, நாற்பது நடை நடந்தாள். பொழுது சாயும்போது ஒரு குளம்பு வைக்க இடம் கிடைத்தது. ஒரே தாவு! குட்டி மடியில் முட்டிக் குடித்தது.

மறுநாள் செவலை வாயில் இரண்டு கல்லோடு வந்தாள். மயிலி சிரித்தது. வாய் நிறைய இருந்ததால் செவலையால் திட்ட முடியவில்லை.

பொதுக் காரியத்தில் ஊரை ஏய்க்கிறவர், தம் வீட்டுக்குப் போகும் பாதையைத்தான் அறுத்துக்கொள்கிறார்.